மிதித்தால் ஆடுகிறது

முதல் தடவை பிரேக்கை மிதித்தபோது அது தன் காலாகத்தான் இருக்கும் என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து நின்றே கிடந்த கால், மத்தியானச் சோறும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை, நடுங்காமல் வேறென்ன செய்யும். ஆனால் கால் நடுங்கினால் ஸ்டியரிங் எதற்கு ஆட வேண்டும்? மறுபடி மிதித்தாள். பெடல் உள்ளங்காலைத் தட்டித் தட்டித் திருப்பித் தள்ளியது, ஸ்டியரிங் இரண்டு கைக்கும் நடுவே கிடந்து உதறியது, கதவோரம் செருகியிருந்த பாட்டிலில் தண்ணீர் சிலிர்த்தது. வேகம் இறங்க இறங்க உதறலும் இறங்கி, காலை எடுத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி வழவழவென்று போனது. இது என்ன நியாயம். சும்மா ஓடும்போதும் ஆடினால் டயர் மேல் பழியைப் போடலாம், மிதித்தால் மட்டும் ஆடினால் பிரேக்கைத் தவிர வேறெது. பிரேக்கை மாட்டியவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கலாமா. வேண்டாம், பார்த்தால் எல்லாம் அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும், கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை வாசித்துக்கொண்டிருக்கிற மனுஷன். சத்தியமங்கலம் தாண்டி வண்டி பன்னாரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு, சாயங்கால வெயில் இடது ஜன்னல் வழியாக வந்து அவள் புருஷன் வெள்ளியங்கிரியின் மடியில் கிடந்தது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அறுபதுக்குப் போ. இருபதுக்கு எறக்கு. முழுசா நிறுத்திப்போடாதே. புது பிரேக் பேடு, டிஸ்குல பதியோணும்." சரிங்க என்றாள். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் மாதிரிதான், உரசி உரசிப் பழகினால்தான் பிடிமானம் வரும் என்று காலையில் அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்தார் என்பதுதான் விஷயம். அவர் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொண்டால் அழுகைதான் வரும்.

இன்றைக்கு இது வெறும் ஒத்திகை ஓட்டம், நாளைக்கு விடிந்தால் திம்பம் மலை ஏற வேண்டும். பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்காவின் மகள் நிவேதா மலைக்கு அந்தாண்டை தாளவாடியில் வாக்கப்பட்டிருக்கிறாள், நிறைமாசம், பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வர வேண்டும். ஏறுவதில் ஒன்றுமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை நம்பி இறங்க வேண்டும், அதுதான். கூடவே வெள்ளியங்கிரியும் வருவதாகப் பேச்சு. போன வருஷம் ஆடி மாசத்திலிருந்து அந்த மலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுஷன். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஏன் இப்படி என்றுதான் ஊருக்கு இன்னும் புரியவில்லை. லாரியில் முட்டைக்கோஸ் லோடோடு இறங்கி வந்தார், ஒரு வளைவில் மிதித்த பெடல் பலகை வரைக்கும் போய்விட்டது, லாரி நிற்கவில்லை. ஒரு பக்கம் பாதாளம், ஒரு பக்கம் மலை, மலைப் பக்கமே ஒடித்துப் பாறையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்திவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முதலாளி தோளில் தட்டினார், டீக்கடையில் கெட்டிக்காரன் என்றார்கள், வீட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் வேறொரு லாரியில் ஏறப் படியில் கால் வைத்தார், கால் ஆட ஆரம்பித்தது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு சரி. வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த இந்தக் காரை ஓட்ட அவள் கற்றுக்கொண்டாள், ஊரில் சாந்தாமணி டாக்ஸி என்றே பேராகிவிட்டது, அவர் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியைப் பார்ப்பார். தூக்கத்தில் அவர் கால் ஆடும், கட்டில் ஆடும், அவள் தன் காலை எடுத்து அவர் கால் மேல் போட்டு அழுத்துவாள், நிற்கும். அப்படிப் பார்த்தால் தினமும் பிரேக் போடுகிறவள் அவள்தான். அதனால்தானோ என்னவோ, இப்போது பெடலில் ஏறி வருகிற இந்த ஆட்டம் எங்கேயோ பழகினதாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கால்தான் வண்டியை ஆட்டுகிறதோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிற்று. பைத்தியக்காரி, ரோட்டைப் பார்த்து ஓட்டு.

அறுபது. மிதி. தடதடதட. இருபது. காலை எடு. ஒர்க் ஷாப்பிலேயே விட்டுத் தொலைத்திருக்கலாம். முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்தபோது அவள் அதைத்தான் சொன்னாள், பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி டிஸ்க் எல்லாம் வரிவரியாகப் பள்ளம், சக்கரத்துக்கு உள்ளே சுற்றுகிற அந்தத் தட்டையே மாற்றியாக வேண்டும். "நான் மாட்டறேன்" என்றார் வெள்ளியங்கிரி. "நான் மாட்டின பிரேக்குன்னா நானும் மலைக்கு வர்றேன்." வாயைத் திறந்தால் கலைந்துவிடும் என்று அவள் அடுப்படிக்குள் போய்த் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள். இப்போது ஆடுகிறது என்று சொன்னால்? என் கை போயிருச்சு என்பார். வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். இந்தத் தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லாமல் விட்டால்? நிவேதாவின் வயிறு. வளைவுக்கு வளைவு இந்தத் தடதடப்பு, அந்தப் பெண் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா அக்கா என்று சொல்வது இப்போதே காதில் விழுகிறது. என்னதான் தப்பு நடந்திருக்கும். சக்கர நட்டை ஒரே வரிசையாக முறுக்கிக்கொண்டு போனால் டிஸ்க் கோணிக்கொள்ளும், எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும், அப்படித்தான் முறுக்கினார், அவள் பார்த்தாள். புது டிஸ்கில் துரு ஏறாமல் பூசி அனுப்புகிற எண்ணெயைத் துடைக்காவிட்டாலும் கோளாறு, துடைத்தார், தின்னர் நாற்றத்தில் அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது. கடைக்காரன் கோணல் டிஸ்கைத் தலையில் கட்டிவிட்டானோ. அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது, அவனைத் திட்டிக்கொண்டு போய்விடலாம், இவர் கை தப்பித்தது. பன்னாரித் தாயே, தப்பு கடைக்காரன்மேல் இருக்கட்டும். இவர் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. டிஸ்க் போய் உட்காருகிற இரும்பு முகம் ஒன்று இருக்கிறது, ஹப் என்பார்கள், அதைக் கம்பி பிரஷால் தேய்த்தார் பாருங்கள், தினம் பாத்திரம் விளக்குகிற அவளுக்கே அப்படிப் பளபளப்பு வராது. தேய்த்துவிட்டு, டீ போடு புள்ள என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குக் கை கழுவப் போனார். அப்புறம். அப்புறம் ஒன்றுமில்லை. டீ போட்டாள், குடித்தார், வந்து மாட்டினார். அப்புறம் ஒன்றுமில்லை என்று இரண்டாம் தடவை நினைத்தபோது மனசு அந்த இடத்தில் ஆணியில் மாட்டின சேலை மாதிரி இழுபட்டது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் வரி வரியாய்த் தோகை தொங்க, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே பஸ். ஒதுங்க வழியில்லை, அழுத்தி மிதிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை வண்டியே பல்லைக் கடித்த மாதிரி நடுங்கிற்று, மறைக்க முடியாது. "ஆடுதா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி. குரலில் ஒன்றுமே இல்லை, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார். "ரோடு சரியில்லைங்க" என்றாள். அவளுக்கே சீ என்று இருந்தது. ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, லாரி ஓட்டினவரிடம் ரோட்டைப் பற்றிப் பொய் சொல்லுகிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒன்றுமில்லம்மா என்று சொல்வார்களே, அந்தக் குரல் தனக்கு எப்போது வந்தது. அவர் தொடைக்கு அடியில் இருந்த கையில் ஒன்றை எடுத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், காற்று வந்தது, கூடவே புது பேடு சுடுகிற வாடை. டிராக்டர் ஒரு தோட்டத்துக்குள் திரும்பிற்று. அவள் அறுபதுக்குப் போகவில்லை, நாற்பதிலேயே போனாள், வேகம் இல்லாவிட்டால் மிதிக்க வேண்டாம், மிதிக்காவிட்டால் ஆடாது, ஆடாவிட்டால் சொல்ல வேண்டாம். இப்படியே போனால் எங்கே போய் நிற்பது. அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார், அவளிடமல்ல, கண்ணாடிக்கு வெளியே போகிற வாழை மரத்திடம் பேசுகிற மாதிரி. "நட்டு சரியாத்தான் முறுக்கினேன். டிஸ்கைத் தொடைச்சேன். பேடை அமுக்கற காலிப்பர் சிக்கல, கையால தள்ளிப் பார்த்தேன். வேற என்ன. ஹப்புலதான் இருக்கோணும். ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவுல ஒரு மயிரிழை அழுக்கு இருந்தாப் போதும், டிஸ்க் கோணிக்கும், சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் பேடைத் தட்டும். ஆனா தேய்ச்சனே. தேய்ச்சேன்னுதான் நினைக்கிறேன். பார்த்தேன்னுதான் நினைக்கிறேன். அன்னைக்கும் கீழ எறங்கறதுக்கு முன்னால லாரி பிரேக்குக்குக் காத்து எல்லாம் பார்த்தேன்னுதான் நினைச்சேன்." நாற்பதில் ஆடாமல் வந்த ஸ்டியரிங் அவள் கையில் ஆடிற்று, இந்தத் தடவை அவள் மிதிக்கவே இல்லை.

மண். ஒரு மயிரிழை போதும் என்றாரே, அவள் வைத்தது ஒரு விரல் நுனி. பன்னாரி கோயிலில் திருநீறு கிடையாது, புற்றுமண்தான் பிரசாதம், மலை ஏறுகிற லாரிக்காரர் எல்லாரும் நிறுத்தி நெற்றியில் இட்டுக்கொண்டு ஸ்டியரிங்கிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். வெள்ளியங்கிரியும் வைத்தவர்தான், அந்த ஆடி மாசத்து நாளிலும் வைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து மண் டப்பாவைச் சாமி அலமாரியிலிருந்து எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டார். "நெத்தியில வெச்ச மண்ணு நெத்தியோட நின்னுக்கும், பிரேக்கையா போய்ப் புடிக்கும்" என்றார். அதற்கப்புறம் கோயில் பேச்சே இல்லை. இன்றைக்குக் காலையில் அவர் கை கழுவப் போனதும் இவள் அந்த டப்பாவைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பழகின கை, அம்மிக்கு, அரிவாள்மனைக்கு, புது மிக்ஸிக்கு, கேஸ் சிலிண்டருக்குக்கூட, இதற்கு வைக்காமல் எப்படி. டிஸ்க் மேல் வைத்தால் தெரிந்துவிடும், தின்னர் போட்டுத் துடைத்துவிடுவார். அது மறைந்துவிடுகிற இடமாகப் பார்த்தாள். ஹப் பளபளவென்று நெற்றி மாதிரிதான் இருந்தது. எச்சில் படாமல் தண்ணீர் தொட்டுக் குழைத்து, அழுத்தி ஒரு பொட்டு, தாயே இவரை மலையில் ஏற்றி இறக்கிக் கொடு என்று ஒரு வார்த்தை, வந்து டீத்தூள் போட்டுவிட்டாள். அவர் திரும்பி வந்து டிஸ்கை அதன்மேல் வைத்து முறுக்கும்போது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. சாமியை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. அந்த நிம்மதிதான் இப்போது உள்ளே கிடந்து ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டுகிறது. சொல்ல வேண்டியதுதானே, என்ன பெரிய குற்றம். பெரிய குற்றம்தான். உங்க கையை நான் நம்பலை, அதனால மண்ணை வெச்சேன் என்று ஆகிவிடாதா. மூட்டைக்குப் பின்னால் அவர் போட்டதை அவருக்குத் தெரியாமல் எடுத்து அவர் வேலைக்குள்ளேயே ஒளித்து வைத்த பெண்டாட்டி. சொல்லாவிட்டால் தன் கை போய்விட்டது என்று இருப்பார். சொன்னால் தன் பெண்டாட்டி போய்விட்டாள் என்று இருப்பாரோ. கோயில் கோபுரம் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட வரவில்லை, இந்தத் தாயிடம் இதை எந்த மூஞ்சியோடு கேட்பது. பன்னாரி வந்துவிட்டது, அதைத் தாண்டினால் மலை. வெள்ளியங்கிரி கண்ணாடியை ஏற்றினார். "திருப்பு" என்றார். "வீட்டுக்குப் போலாம். சுலோச்சனாகிட்ட வேற வண்டி பார்த்துக்கச் சொல்லிரு. நானும் வரலை."

அவள் திருப்பவில்லை. புளியமரத்து நிழலில் ஓரம் கட்டினாள், அதற்கும் மிதிக்க வேண்டியிருந்தது, அதற்கும் ஆடிற்று. என்ஜினை அணைத்தாள். "உங்க கை இல்லீங்க" என்றாள். "நான் ஹப்புல பொட்டு வெச்சேன். புத்துமண்ணு. நீங்க கை கழுவப் போனப்ப. நீங்க தேய்ச்சது சரிதானுங்க, நான்தான் மண்ணை வெச்சுக் கெடுத்தேன்." ரோட்டில் ஒரு லாரி போயிற்று, அதன் காற்றில் கார் லேசாக ஆடி நின்றது. திட்டட்டும், அறையட்டும், இறங்கி நடந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போகட்டும், எது செய்தாலும் வாசலில் போய் உட்கார மட்டும் வேண்டாம். வெள்ளியங்கிரி கதவைத் திறந்து இறங்கினார். டிக்கி திறக்கிற சத்தம். ஜாக்கி தரையில் விழுகிற சத்தம். அவளும் இறங்கி வந்து நின்றாள். "எந்தச் சக்கரம்?" என்றார் நிமிராமல். "இடதுங்க." சக்கரம் சூடாக இருந்தது, ஆறுகிறவரைக்கும் காத்திருந்தார்கள், அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, இவள் ஒரு பக்கம். கோயிலிலிருந்து வந்த ஒரு குடும்பம் இவர்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று, பஞ்சராங்க என்று ஒருவர் கேட்டார், ஆமாங்க என்று இவளே சொன்னாள், இன்றைக்கு எத்தனை பொய். அப்புறம் அவர் கழற்றினார். சக்கரம், காலிப்பர், டிஸ்க், ஒவ்வொன்றாய்ப் பழந்துணியில் வைத்தார், கை தடுமாறவில்லை, அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்கை எடுத்ததும் தெரிந்தது. பளபளவென்ற இரும்பில் ஒரு இடத்தில் மட்டும் சிவப்பாய், அப்பளம் மாதிரி நசுங்கி, காய்ந்து, இறுகிப்போன ஒரு பொட்டு. "ரெண்டு பக்கமும் வெச்சயா?" "இல்லீங்க. இங்க மட்டுந்தான்." "அதென்ன இடது பக்கம் மட்டும்?" இதைச் சொல்லவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, இந்த வயசில். "நீங்க அந்தப் பக்கம்தானே உட்காருவீங்க" என்றாள்.

அவர் குனிந்தே இருந்தார். நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினார், விடாப்பிடியாய் ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாக நெம்பி எடுத்தார், கம்பி பிரஷால் தேய்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். பெயர்ந்து வந்த சில்லு இரண்டு மூன்று அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை ரோட்டில் போட அவருக்கு மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார், எதிரும் புதிருமாக முறுக்கினார், ஜாக்கியை இறக்கினார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவள் டிரைவர் கதவைத் திறக்கப் போனபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பக்கம் உட்காரு" என்றார். "மிதிச்சுப் பார்த்தாத்தான் எனக்குத் தெரியும்." அவள் காரைச் சுற்றிக்கொண்டு வந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள், சீட்டில் அவர் சூடு இன்னும் இருந்தது. அவர் சீட்டைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், சாவியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார், மறுபடி தொட்டார். வண்டி கிளம்பிற்று. முப்பது, நாற்பது, வாழைத் தோப்பு பின்னால் போகப் போக ஐம்பது, அறுபது. மிதித்தார். அவள் கதவோரத்துப் பாட்டிலைப் பார்த்தாள், தண்ணீர் முன்னால் சாய்ந்து, சாய்ந்தபடியே அசையாமல் நின்றது. ஸ்டியரிங் அசையவில்லை. சத்தமே இல்லாமல் வேகம் இறங்கி இருபதுக்கு வந்தது. கிளச்சில் வைத்திருந்த அவர் இடது கால்தான், முட்டியிலிருந்து கீழே, வேட்டி படபடக்கிற அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் கால் தன்னால் அந்தப் பக்கம் நகர்ந்தது, நடுவில் கியர் இருந்தது, எட்டாது. முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"ஆடுதா?" என்றார் வெள்ளியங்கிரி.

"வண்டி ஆடலைங்க" என்றாள்.

அவர் மறுபடியும் அறுபதுக்குப் போனார்.